கொள்ளுத் தாத்தா எந்த ஊர்? குடும்ப வரலாற்றுக் குழுவில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது

அப்பாவின் பெயர் அடையாள அட்டையிலேயே இருக்கிறது. தாத்தாவின் பெயரும் பெரும்பாலோருக்குத் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால்தான் பலர் யோசிக்கத் தொடங்குவார்கள். பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டால், வீட்டில் யாருக்குமே தெரியாமல் இருப்பதும் உண்டு. சொந்த ஊர் என்றால் "தஞ்சாவூர் பக்கம்", "சேலம் பக்கம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இந்த இடத்திலிருந்து மேலே தேடிப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் அமைப்புகளே குடும்ப வரலாற்றுக் குழுக்கள். வம்சாவளிச் சங்கம் என்றும் அவற்றைச் சொல்வார்கள். லண்டனில் இத்தகைய சங்கம் 1911ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள கூ கொங்சி போன்ற சீனர் குலக் கழகங்கள் தலைமுறை தலைமுறையாக வம்சாவளிப் பதிவுகளைப் பேணி வருகின்றன. தமிழர்களுக்கும் இது புதிதல்ல. நகரத்தார் சமூகத்தில் திருமணமான ஒவ்வோர் ஆணும் தம் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் சேர்க்கப்படுகிறார். திதி கொடுக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது.

ஆனால் தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட ஏடு எதுவும் இல்லை. பெரும்பாலான செய்தி முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டபோது, பெட்டியில் இருந்த பழைய காகிதங்களும் பல குடும்பங்களில் தொலைந்தன. ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இப்போது கேட்காவிட்டால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது.

குழுவில் என்ன நடக்கும்?

இத்தகைய குழுக்களின் நடவடிக்கை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் ஒரு முறை கூடுவார்கள். முதல் அரை மணி நேரம் ஒருவர் ஒரு தலைப்பை விளக்குவார். பிறகு மேசைகளில் பிரிந்து அமர்ந்து, அவரவர் கொண்டு வந்த பத்திரத்தைச் சேர்ந்து படிப்பார்கள். பழைய தமிழ்க் கையெழுத்து ஒருவருக்குப் புரியும். அந்தக் கால ஆங்கிலக் கையெழுத்து ஓய்வுபெற்ற கிராணி ஒருவருக்குப் புரியும். மலாய்ப் பத்திரங்களையும் இணையத்தையும் இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனியாக ஓராண்டு தடுமாற வேண்டிய ஒரு விஷயம், நாலு பேர் சேர்ந்து பார்த்தால் ஒரு மாலையிலேயே தெளிவாகிவிடுவது உண்டு.

ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே குழுவில் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு வீட்டில் கிடைக்கும் செய்தி பக்கத்து வீட்டுக்கும் உதவும். அதற்குக் காரணம் கங்காணி முறை. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் பாடம்: எண் போட்டு எழுதுவது

குடும்ப மரம் என்றதும் பெரிய தாளில் கிளை கிளையாக வரையத் தோன்றும். ஆனால் பத்துப் பெயரைத் தாண்டினால் தாள் குழம்பிவிடும். அதனால் உலகெங்கும் பயன்படும் ஓர் எளிய எண் முறையைத்தான் குழுக்கள் முதலில் கற்றுக் கொடுக்கின்றன.

தேடுபவருக்கு எண் 1. அவருடைய அப்பா 2, அம்மா 3. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5. அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. ஒருவருடைய எண்ணை இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பாவின் எண் வரும். அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மாவின் எண். எடுத்துக்காட்டாக, 7ஆம் எண் அம்மாச்சி என்றால் அவருடைய அப்பா 14, அம்மா 15. எண் 1ஐத் தவிர, இரட்டைப்படை எண் எல்லாம் ஆண்கள், ஒற்றைப்படை எண் எல்லாம் பெண்கள்.

சாதாரணப் பள்ளி நோட்டுப் புத்தகமே இதற்குப் போதும். ஒரு பக்கத்துக்கு ஓர் எண். பெயர், வீட்டில் அழைத்த பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், திருமணம், இறப்பு, இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்ற விவரம், இவ்வளவுதான். தெரியாத இடத்தைக் காலியாக விட வேண்டும். ஊகத்தை எழுதினால் பென்சிலில் எழுத வேண்டும். யார் சொன்னது என்று குறிக்காத செய்தி, பத்து ஆண்டு கழித்து உண்மையா கதையா என்று தெரியாமல் போய்விடும்.

தமிழ்க் குடும்பங்களில் இந்த எண் முறை ஒரு வேடிக்கையைக் காட்டும். ஒருவருடைய அப்பா தம் தாய்மாமன் மகளைக் கட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5ஆம் எண் பாட்டியும் 6ஆம் எண் தாத்தாவும் உடன்பிறப்புகள். ஆகவே 10, 11 எண்களில் வரும் இருவரேதான் 12, 13 எண்களிலும் வருவார்கள். எட்டு இடம் இருக்கும், ஆனால் ஆள் ஆறு பேர்தான். அப்பா தம் அக்காள் மகளைக் கட்டியிருந்தாலோ, 4, 5 எண்களில் உள்ள தாத்தா பாட்டியே 14, 15 எண்களிலும் வந்து நிற்பார்கள். முதன்முறை எழுதுபவர்கள் இதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அது பிழையல்ல, முறை மாப்பிள்ளை, முறைப்பெண் வழக்கத்தின் கணக்கு.

இரண்டாம் பாடம்: முதியவரிடம் கேட்பது

"உங்கள் கதையைச் சொல்லுங்கள் பாட்டி" என்று கேட்டால் "என்ன கதை இருக்கு, வந்தோம், பால் வெட்டினோம்" என்று முடித்துவிடுவார்கள். கேள்வி சின்னதாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? லயத்தில் இடது பக்க வீட்டில் யார் இருந்தார்கள்? ஆயாக் கொட்டகையில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? கங்காணி பெயர் என்ன? கல்யாணத்துக்கு எந்தத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்? இப்படிக் கேட்டால் பெயர்கள் தானாக வரும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

ஆண்டு கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நடந்தது நினைவிருக்கும். அதனால் குழுக்கள் ஒரு காலப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்கின்றன. பெரியார் முதன்முறை மலாயா வந்தது 1929 டிசம்பர். ஜப்பானியர் படை இறங்கியது 1941 டிசம்பர். வாழைமர நோட்டு செல்லாமல் போனது 1945. அவசரகாலம் தொடங்கியது 1948. மெர்டேக்கா 1957. கோலாலம்பூர் பெருவெள்ளம் 1971 ஜனவரி. "ஜப்பான்காரன் வந்தப்போ எனக்கு முன் பல் விழுந்திருந்தது" என்று ஒரு பாட்டி சொன்னால் அப்போது அவருக்கு ஆறு, ஏழு வயது. ஆகவே பிறந்தது 1935ஐ ஒட்டி. அடையாள அட்டையில் வேறு ஆண்டு இருந்தாலும் இந்தக் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும்.

பழைய ஜாதகத்திலோ ஓலையிலோ தமிழ் ஆண்டின் பெயர் இருந்தால் அதுவும் பயன்படும். அறுபது ஆண்டுச் சுற்றில் முதலாவதான பிரபவ, 1927 ஏப்ரலிலும் 1987 ஏப்ரலிலும் தொடங்கியது. ஆறாவதான ஆங்கீரச, 1932இலும் 1992இலும் வந்தது. இரண்டில் எது என்பது ஆளின் வயதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. பதிவை ஒரே கைப்பேசியில் வைக்காமல் உறவினர் இருவருக்காவது உடனே அனுப்பிவிடுவது பாதுகாப்பு.

மூன்றாம் பாடம்: வீட்டுப் பெட்டியில் உள்ள காகிதம்

அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டு அலமாரியைப் பார்க்க வேண்டும். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம், பழைய அடையாள அட்டை, கடப்பிதழ், பள்ளி விடுகைப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதி அழைப்பு எதையும் தள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்.

அடையாள அட்டை முறை 1948இல் அவசரகாலத்தின்போது வந்தது. அப்போது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் வாயால் சொன்ன வயதே பல அட்டைகளில் ஏறியது. ஆகவே அதில் உள்ள பிறந்த தேதியை ஒரு குறிப்பாகவே கொள்ள வேண்டும். கையில் வைத்திருந்தவர் எங்கே பிறந்தார் என்பதைக் குடியுரிமைப் பத்திரமும் பழைய இந்தியக் கடப்பிதழும் காட்டக்கூடும்.

தாத்தா பாட்டியின் திருமணச் சான்றிதழ் கிடைக்கவில்லையே என்று பலர் கவலைப்படுவார்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கோயிலிலும் தோட்டத்திலும் தாலி கட்டிய பலருக்குச் சான்றிதழே இருக்காது. அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் மொய்ப் புத்தகமும்தான் ஆவணம். மொய்ப் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் தோட்டமும் எழுதியிருப்பதால், உறவு எங்கெங்கே பரவியிருந்தது என்பது அதிலிருந்தே தெரியும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை. பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் அதில் கிடைக்கும். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தால் அப்பா பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி ஆகியவை தெரியவரலாம். குடும்பம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய ஆண்டையும் அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

தொலைந்த பிறப்பு, இறப்புப் பத்திரங்களுக்குத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பெயர், ஏறத்தாழ ஆண்டு, பிறந்த இடம், உறவைக் காட்டும் பத்திரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள், முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததையும் தலைமுறைத் தொடர்பையும் பத்திரத்தால் காட்ட வேண்டியிருக்கிறது. குடும்ப வரலாற்றைச் சீராக வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலை எளிது.

ஒரே ஆளுக்குப் பல பெயர்

பதிவேட்டில் தேடியும் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் பெயர் எழுதிய விதம்தான் காரணம். சொன்னவர் தமிழில் சொன்னார். எழுதியவர் தம் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். எழுதியவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ மலையாளியாகவோ இருந்திருக்கலாம். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி, லெச்சமி எல்லாம் ஒரே பெண்ணாக இருக்கலாம். வீராசாமி ஒரு பத்திரத்தில் வீரசாமி, இன்னொன்றில் வெறும் சாமி. வீட்டில் சின்னப்பொண்ணு, பத்திரத்தில் பாக்கியம் என்று இருந்தவர்களும் உண்டு.

அதனால் ஒவ்வொரு பெயரையும் எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று ஐந்தாறு விதமாக எழுதிப் பார்க்கும் பயிற்சி குழுவில் உண்டு. ஏ/எல், ஏ/பி என்பதற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர், பின்னால் இருப்பது அப்பாவின் பெயர். ஆகவே ஒரே குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் 'கடைசிப் பெயர்' மாறிக்கொண்டே போகும். வெளிநாட்டு இணையத் தளங்கள் குடும்பப் பெயரைக் கேட்கும்போது இது பெரிய குழப்பத்தைத் தரும். அங்கே அப்பாவின் பெயரை எல்லாருக்கும் பொதுவான குடும்பப் பெயராக எழுதினால் மரமே தவறாகிவிடும்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் ஒரு தடயம். மூத்த பேரன்கள் பலருக்கு ஒரே பெயர் இருந்தால், அது தொலைந்துபோன கொள்ளுத் தாத்தாவின் பெயராக இருக்கலாம். சான்று கிடைக்கும் வரை அதையும் பென்சிலில்தான் எழுத வேண்டும்.

கங்காணியைக் கண்டால் ஊரைக் காணலாம்

பிஜி, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போன்ற இடங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கோர் எண் கொடுத்துப் பதிந்தார்கள். அப்பா பெயர், கிராமம், கப்பல் எல்லாம் அந்தப் பதிவுகளில் உண்டு. அதனால் அங்குள்ளவர்களுக்குத் தேடல் எளிது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி அழைத்து வந்தவர்கள், அல்லது தாமாகவே வந்தவர்கள். அவர்கள் எல்லாரையும் ஊரோடும் அப்பா பெயரோடும் காட்டி, பொதுமக்கள் எளிதில் தேடக்கூடிய ஒரே பட்டியல் இங்கே இல்லை.

ஆனால் கங்காணி முறையே வேறொரு வழியைத் திறந்து வைக்கிறது. தோட்டத்து நிர்வாகம் ஒரு தொழிலாளியை உரிமத்தோடு ஊருக்கு அனுப்பும். அவர் தம் சொந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும் உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் திரட்டிக்கொண்டு வருவார். ஆகவே ஒரே கங்காணிக் கணக்கில் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். தாத்தாவின் ஊர் தெரியவில்லை என்றாலும், அவரோடு வந்தவரின் ஊரோ கங்காணியின் ஊரோ தெரிந்தால், தேட வேண்டிய இடம் ஒரு மாவட்டத்திலிருந்து சில கிராமங்களாகச் சுருங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பத்திரம் நமக்கும் பயன்படும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

வந்த வழியையும் கேட்டு எழுத வேண்டும். சென்னை அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயாவுக்குப் போகும் தொழிலாளர்கள் தங்க வைக்கப்பட்டார்கள். இங்கே வந்ததும் பினாங்கின் ஜெரெஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுத் தடுப்பு முகாமில் இருந்தார்கள். சிங்கப்பூரில் அந்த முகாம் செயின்ட் ஜான்ஸ் தீவில் இருந்தது. உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. மலாயாவில் 1953க்குப் பிறகு குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. ஆகவே தாத்தா எந்த வகையில் வந்தார் என்பது தெரிந்தால் எந்த ஆண்டுகளுக்குள் தேடுவது என்பதும் தெரியும். 'ரஜூலா' கப்பலில் வந்ததாகச் சொன்னால், அது ஓடியது 1926 முதல் 1973 வரை. 'சிதம்பரம்' கப்பல் ஓடத் தொடங்கியது அதைவிடப் பிந்தி.

ஊர்ப் பெயர் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கால மாவட்டங்கள் இன்று பலவாகப் பிரிந்துவிட்டன. "தென்னார்க்காடு" என்று தாத்தா சொன்னது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. "வடார்க்காடு" என்றால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். பழைய சேலத்திலிருந்து தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் பிரிந்தன. பழைய திருச்சியிலிருந்து கரூர், பெரம்பலூர், அரியலூர் வந்தன. பழைய தஞ்சாவூரில் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் அடக்கம். இன்றைய வரைபடத்தில் சேலம் மாவட்டத்தை மட்டும் தேடினால் நாமக்கல் பக்கத்துக் கிராமம் அகப்படவே அகப்படாது.

ஊர்ப் பெயரே தெரியாதவர்களுக்கு இரண்டு தடயங்கள் கைகொடுக்கும். ஒன்று குலதெய்வம். கருப்பண்ணசாமி, அங்காளம்மன் என்ற பொதுப் பெயர் போதாது. சாமிக்கு முன்னால் ஏதாவது அடைமொழி உண்டா, கோயில் ஆற்றங்கரையிலா மலையடியிலா, என்ன படையல், எந்த மாதம் என்று கேட்க வேண்டும். மற்றொன்று பழைய கடிதம். ஊரிலிருந்து வந்த நீல நிற விமானத் தபாலின் பின்புறத்தில் தெரு, அஞ்சல், வழி, தாலுகா, ஜில்லா வரை முழு முகவரி இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதிலும் அதைக் காணலாம். அந்தக் கிராமத்துக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு இருந்தால், பங்காளி வீடுகளின் பெயர்கள் அதில் இருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அலுவலக வேலைக்கும் வந்த குடும்பங்களின் தேடல் சற்று வேறு. அரசாங்க வேலைப் பதிவுகள், ஓய்வூதியப் பத்திரங்கள், இங்குள்ள இலங்கைத் தமிழர் சங்கங்களின் மலர்கள் ஆகியவற்றில் அவர்களைப் பற்றிய செய்திகள் கிடைக்கும்.

காப்பகமும் இணையமும்

கோலாலம்பூரில் உள்ள மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தில், அதாவது அர்கிப் நெகாராவில், காலனித்துவ கால அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன. தனி ஆளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனால் ஏமாற்றமே மிஞ்சும். தோட்டத்தின் பெயர், மாவட்டம், ஏறத்தாழ ஆண்டு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் தேடலாம். வேலை நிறுத்தம், நிலம், பள்ளிக்கூடம், கோயில், கள்ளுக்கடை பற்றிய கோப்புகளில் தோட்டத்தின் வாழ்க்கை தெரியவரும். சில சமயம் பெயர்களும் அகப்படும். முதன்முறை போகிறவர்கள் குழுவாகப் போவது நல்லது.

இங்கே ஒரு சிறு தடை உண்டு. தொழிலாளர்கள் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் வேறு, கோப்பில் உள்ள கம்பெனிப் பெயர் வேறு. இரண்டையும் இணைத்துச் சொல்லக்கூடியவர்கள் பழைய தோட்டத்து மக்கள்தான். குழுவில் இத்தகைய பெயர்களைத் தொகுத்து ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், அதுவே அந்த வட்டாரத்துக்கு ஒரு சொத்து.

சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. திருமணச் செய்தி, மரண அறிவித்தல், பள்ளித் தேர்வு முடிவு, சங்கக் கூட்டம் என்று சாதாரண மக்களின் பெயர்கள் அவற்றில் நிறைய வரும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் முதியவர்களின் பேட்டிகளைச் சேர்த்து வருகிறது. அவற்றில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. எப்படிக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதற்கும் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஃபேமிலிசர்ச் என்ற இணையத்தளத்தில் குடும்ப மரத்தை இலவசமாக அமைக்கலாம். மலாயாத் தோட்டங்களைப் பற்றி அதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சேர்த்ததை ஒழுங்காக வைக்க அது உதவும். எச்சிலை அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனை, தூரத்து உறவினர் ஒருவரைக் காட்டினாலும் காட்டும். ஆனால் கொள்ளுத் தாத்தாவின் கிராமப் பெயரை அது சொல்லாது.

களப்பயணம்: கோயிலும் சுடுகாடும்

குழு நடவடிக்கைகளில் இளையவர்களுக்கு அதிகம் பிடிப்பது களப்பயணம். பழைய தோட்டத்துக்குப் போய், பெரட்டுக் களம், லயம், பள்ளி, கிராணி வீடு ஆகியவை எங்கெங்கே இருந்தன என்று முதியவர் ஒருவர் சொல்லச் சொல்ல வரைபடம் வரைவார்கள். மாரியம்மன் கோயிலில் உபயகாரர் பெயர் பொறித்த கல்லையும் மணியையும் படம் எடுப்பார்கள். தோட்டத்துச் சுடுகாட்டில் கல்லறைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்தை உள்ளபடியே, எழுத்துப் பிழையையும் திருத்தாமல், எழுதிக்கொள்வார்கள். தெளிவில்லாத கல்லைச் சுரண்டவோ அமிலம் ஊற்றவோ கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வு வெயிலில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தாலே எழுத்து துலங்கும். தனியார் நிலமாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

நிலம் கை மாறும்போது கோயிலும் சுடுகாடும் இடம் மாறுகின்றன. அதற்கு முன்பு எடுத்த படமும் எழுதிய பெயர்ப் பட்டியலும் இருந்தால், யார் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சாட்சியாக நிற்கும்.

தெரிந்துகொண்டதை என்ன செய்வது?

தேடல் எப்போதும் இனிப்பான செய்தியையே தரும் என்று சொல்ல முடியாது. தாத்தாவுக்கு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தது தெரியவரலாம். பாட்டி எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை என்று தெரியலாம். மலாயாவில் சீனக் குடும்பத்துப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது பல ஊர்களில் நடந்ததே. அந்தப் பாட்டி தமிழ்ப் பாட்டியாகவே வாழ்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்தவர். வளர்த்தவர் பெயரையும், தெரிந்தால் பெற்றவர் பெயரையும், இரண்டையும் எழுத நோட்டில் இடம் இருக்கிறது. எதைச் சொல்லலாம் என்று அந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களில் பலருக்கு இறப்புப் பத்திரமும் இல்லை, கல்லறையும் இல்லை. "சயாமுக்குப் போனார், வரலை" என்று வீட்டில் சொல்லப்படும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. அந்த வாக்கியத்தை, சொன்னவர் பெயரோடு, அவருடைய பக்கத்தில் அப்படியே எழுதி வைக்க வேண்டும். அதுவும் ஆவணம்தான்.

சாதி பற்றிய பேச்சும் வரும். ஊரைக் கண்டுபிடிக்க அது சில சமயம் தேவைப்படலாம். பிறர் குடும்பத்தின் சாதியைக் கூட்டத்தில் விசாரிப்பதில்லை என்ற விதியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது. உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் பிறப்புப் பத்திரப் படத்தையும் வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடக் கூடாது. மோசடிக்காரர்களுக்கு அதுவே போதும்.

தொடங்க என்ன தேவை?

பக்கத்தில் இத்தகைய குழு இல்லை என்றால் தொடங்குவது கடினமல்ல. கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி வகுப்பறை, சமூக மண்டபம், ஊர் நூலகம் எதுவானாலும் சரி. எட்டுப் பத்துப் பேர், நீளமான மேசை ஒன்று, நோட்டுப் புத்தகங்கள், படம் எடுக்கக் கைப்பேசி, அவ்வளவுதான் செலவு. ஒருவர் தலைமை ஏற்று மாதத் தேதியைத் தவறாமல் நடத்தினால் போதும்.

ஓராண்டுக்கு ஒரு பாடத்திட்டம் வைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் எண் முறை. இரண்டாம், மூன்றாம் மாதம் முதியவர் பேட்டி. நான்காம் மாதம் வீட்டுப் பத்திரம். ஐந்தாம் மாதம் பெயர் எழுத்து. ஆறாம் மாதம் தோட்டத்துக் களப்பயணம். அடுத்த மூன்று மாதங்கள் கங்காணி, கப்பல், ஊர்த் தேடல். பத்தாம் மாதம் பழைய நாளிதழ். பதினோராம் மாதம் காப்பகப் பயணம். கடைசி மாதம் ஒவ்வொரு குடும்பமும் தான் கண்டுபிடித்ததை நாலு பக்கத்தில் எழுதிப் படிக்க வேண்டும். அதன் படி ஒன்றைப் பள்ளி நூலகத்துக்கோ கோயில் அலுவலகத்துக்கோ கொடுத்துவிட்டால், ஒரு வீட்டில் தொலைந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் தாத்தா சொல்லாத கதையில்லை. மகன் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்பவர், பேத்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கங்காணி பெயரிலிருந்து தொடங்கிவிடுவார்.

குழு அமையும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த வாரம் வீட்டில் மூத்தவரிடம் மூன்றே கேள்விகள் கேட்டு எழுதி வைக்கலாம்: உங்கள் அம்மாவின் அம்மா பெயர் என்ன? முதலில் வந்த தோட்டம் எது? யாரோடு வந்தார்கள்? பதில் கிடைத்தால் நோட்டின் முதல் பக்கங்கள் நிரம்பும். "எனக்குத் தெரியாது, உங்க பெரியத்தைக்குத் தெரியும்" என்று பதில் வந்தாலும் நல்லதுதான். அடுத்து யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.